எக்ஸ்பி மேல் விழுந்த பழி

இன்னைக்குக் கதை ஒரு வெள்ளிக்கிழமை தொடங்குது.

2017 மே 12. பிரிட்டன் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். கணினிகளில் திடீரென ஒரு சிவப்புப் பெட்டி. ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், திறக்க 300 டாலருக்கு பிட்காயின் கொடு என்று மிரட்டல். பெயர் வானாக்ரை. இங்கிலாந்தில் மட்டும் குறைந்தது 81 மருத்துவ டிரஸ்ட்டுகள் பாதிக்கப்பட்டன. அவசர சிகிச்சைக்கு வந்தவர்களையே சில மருத்துவமனைகள் வேறு இடத்துக்கு அனுப்பின.

ஏன் இப்படி? மீடியா உடனே பதில் சொன்னது: "பழைய விண்டோஸ் எக்ஸ்பி!"

அப்போ நான் இன்ஜினியரிங் படிச்சிட்டு இருந்தேன். என் லேப்டாப்பில் விண்டோஸ் 7. டேட்டா தீர்ந்துடும்னு அப்டேட்டை ஆஃப் பண்ணி வச்சிருந்தேன். செய்தியைப் படிச்சதும், "நம்மகிட்ட எக்ஸ்பி இல்லையே"ன்னு நிம்மதியா தூங்கிட்டேன்.

ஆனால் சில நாட்களில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் தன் கணக்கை வெளியிட்டது. அவர்கள் பார்த்த பாதிப்புகளில் சுமார் 98 சதவீதம் விண்டோஸ் 7. எக்ஸ்பி கணக்கில் எடுக்கிற அளவுக்குக்கூட இல்லை. சோதித்துப் பார்த்தவர்கள் இன்னொன்றும் கண்டார்கள்: நெட்வொர்க் வழியாக வானாக்ரை தாக்கும்போது எக்ஸ்பி பெரும்பாலும் நீலத்திரை காட்டி கிராஷ் ஆகிவிடும். அதனால் அங்கிருந்து பரவவே முடியாது!

அப்போ எக்ஸ்பி கதை எங்கிருந்து வந்தது? சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு கணக்கெடுப்பு. பதில் சொன்ன டிரஸ்ட்டுகளில் 90 சதவீதத்தில் எக்ஸ்பி இன்னும் இருக்கிறது என்றது. அதாவது, ஒரு மெஷினில் இருந்தாலும் கணக்கு. கைமாறிக் கைமாறி, என்.எச்.எஸ். கணினிகளே 90 சதவீதம் எக்ஸ்பி என்பதுபோல ஆகிவிட்டது. உண்மையில் என்.எச்.எஸ். கணினிகளில் எக்ஸ்பி 5 சதவீதத்துக்கும் குறைவு. நம்ம தெருவில் பத்து வீட்டில் ஒன்பதில் ஒரு பழைய நோக்கியா போன் டிராயரில் கிடக்கும். அதுக்காக தெருவே நோக்கியாவில்தான் பேசுதுன்னு சொல்வோமா?

பிரிட்டனின் தேசிய தணிக்கை அலுவலகம் 2017 அக்டோபரில் தெளிவாகச் சொன்னது: பாதிக்கப்பட்ட என்.எச்.எஸ். கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் அப்போதும் சப்போர்ட் கொடுத்துக்கொண்டிருந்த விண்டோஸ். ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. தாக்குதலுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு. அதைப் போடவில்லை, அவ்வளவுதான்.

எக்ஸ்பியைத் தூக்கிப் போடச் சொன்னது தப்பில்லை. ஆனா தப்பான காரணம் தப்பான மருந்தைக் கொடுக்கும். "பழைய மெஷின்தான் பிரச்சினை"ன்னு கேட்டவன், புது மெஷினை வாங்கி, அப்டேட்டை மட்டும் "நாளைக்கு"ன்னு தள்ளுவான். என்னை மாதிரி. நான் தப்பிச்சது வெறும் அதிர்ஷ்டம்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தா, இரண்டே கேள்வி கேளுங்க: எந்த வெர்ஷன்? பேட்ச் எப்போ வந்தது? இப்போ இந்த எபிசோடை ஒரு நிமிஷம் நிறுத்திட்டு, ரொம்ப நாளா தள்ளிட்டு இருக்கிற அந்த அப்டேட்டைப் போட்டுடுங்க. அடுத்த வாரம் பேசலாம்!