விலையில்லா மடிக்கணினிக்குள் இருந்த ‘பாஸ்’

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

நம்ம சோழபுரம், ராஜபாளையம் பக்கம் பல வீடுகளில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினி பரணில் கிடக்கும். அதை இயக்கும்போது திரையில் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று விண்டோஸ், மற்றது பாஸ். "இந்த பாஸ் யாரு சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் இயங்குதளம் என்றால் என்ன? பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்புக்கு எந்த அறை, யாருக்கு எந்த நேரம், சாவி யாரிடம் என்று தலைமையாசிரியர் முடிவு செய்வார் அல்லவா? கணினிக்குள் அந்த வேலையைச் செய்யும் மென்பொருள்தான் இயங்குதளம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கலாம், சாப்பிடலாம். ஆனால் பாலை எவ்வளவு நேரம் சுண்டவிட்டார்கள், சர்க்கரையை எப்போது போட்டார்கள் என்பது பொட்டலத்தைப் பிரித்தால் தெரியாது. விண்டோஸ் அப்படித்தான் கைக்கு வருகிறது. செய்முறையையும் எழுதிக் கொடுத்து, "மாற்றிச் செய்துபார், நாலு பேருக்கும் கொடு" என்று சொன்னால் அது திறமூலம்.

இதற்குப் பின்னால் ஒரு பிரிண்டர் கதை உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்தார். அங்கிருந்த ஜெராக்ஸ் பிரிண்டரில் அடிக்கடி காகிதம் சிக்கும். சிக்கினால் எல்லாருக்கும் தகவல் போகிற மாதிரி மென்பொருளைத் திருத்த நினைத்தார். அதன் மூல நிரலைக் கேட்டபோது, வைத்திருந்தவர் தர மறுத்துவிட்டார். அந்தக் கோபம் உள்ளேயே இருந்தது. 1983இல் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு முழு இயங்குதளத்தை உருவாக்கப் போவதாக அறிவித்தார். நான் ஆசிரியர் பயிற்சியில் கரும்பலகையில் எழுதிப் பழகிய காலம் அது. கணினியைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

1989இல் அவர் கொண்டுவந்த உரிமத்தை விதைநெல் கணக்கு என்பேன். வாங்கலாம், விதைக்கலாம், மேம்படுத்தலாம். அடுத்தவனுக்குக் கொடுக்கும்போது அதே உரிமையோடு கொடுக்க வேண்டும், பூட்டி வைக்கக் கூடாது. 1991இல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக எழுதிய லினக்ஸ் கருவை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அதை இந்த உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். உங்கள் போன் ஆண்ட்ராய்டு என்றால் அதற்கு அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான். பயந்து ஒதுங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 2005இல் சென்னை சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சேர்ந்து திறமூல மென்பொருளுக்கான தேசிய மையத்தைத் தொடங்கின. 2007இல் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து ‘பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ வந்தது. அதன் சுருக்கம்தான் பாஸ். தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வேலை செய்யும். அதே காலத்தில் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் தன் அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றினார். பள்ளிகளுக்கும் சூசே லினக்ஸ் போட்ட கணினிகளை அனுப்பினார். துணிச்சலான காரியம் என்றே சொல்வேன்.

2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்றால் இலவசமும் சுதந்திரமும் ஒன்றாகக் குழம்பும். தமிழில் ‘விலையில்லா’ வேறு, ‘கட்டற்ற’ வேறு. மடிக்கணினி விலையில்லாதது, உள்ளே இருந்த பாஸ் கட்டற்றது. பிள்ளைகளிடம் முதல் சொல் மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. ஆசிரியர்களான எங்களுக்கே பாஸ் பற்றி யாரும் ஒரு மணி நேரம்கூடச் சொல்லித் தரவில்லை. பழுது பார்க்கும் கடைக்குப் போனால், "இது எதுக்குண்ணே இடத்தை அடைச்சுக்கிட்டு" என்று முதல் வேலையாக அதைத்தான் அழிப்பார்கள். பிறகு காசு கொடுக்காத திருட்டு விண்டோஸைப் போட்டுத் தருவார்கள். முறைப்படி கிடைத்ததை அழித்துவிட்டுத் திருட்டை ஏற்றிய வேடிக்கை!

2014 ஏப்ரல் 8உடன் விண்டோஸ் எக்ஸ்.பி.க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. அப்போது நம் அரசு தன் துறைகளை பாஸுக்கு மாறச் சொன்னது. ஆணை வந்தாலும் கை பழகியிருக்க வேண்டுமே?

செங்கோட்டை தாண்டினால் கேரளம். அங்கே பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றும்போது ஆசிரியர்களுக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வையே அதில்தான் எழுதுகிறார்கள். நாமும் அதே கருவியைத்தான் வாங்கினோம்.

இங்கே பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான் சுமந்தார்கள். கேடிஇ, க்னோம் திரைகளில் ‘கோப்பு’, ‘திருத்து’ என்று தமிழில் தெரிவது, சம்பளம் இல்லாமல் ராத்திரி உட்கார்ந்து மொழிபெயர்த்தவர்களால். 2012இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் லினக்ஸைத் தமிழிலேயே சொல்லித் தருகிறது. 2018இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டுவும் பாடமாக இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் புத்தகத்தை வாங்கி அந்தப் பாடத்தைப் படித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.