தூரிகையும் கோப்பையும்: ஒரு மாலை வகுப்பின் வரலாறு



சென்ற பொதுக்குழுவில், மாதம் ஒரு மாலை கிளப் ஹவுஸில் பெரியவர்களுக்கு ஓவிய வகுப்பு வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. உடனே ஒருவர் எழுந்து, "அமெரிக்காவில் ஒரு கையில் தூரிகை, மறு கையில் ஒயின் என்று நடத்துகிறார்களே, அதுவா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. கைதூக்கும் முன் அந்த வகுப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது அல்லவா? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மாலை ஏழு மணிக்கு இருபது, முப்பது பேர் வருகிறார்கள். ஆளுக்கு ஒரு வெள்ளைக் கேன்வாஸ், சில தூரிகைகள், ஒரு காகிதத் தட்டில் நான்கைந்து நிறங்கள். முன்னால் ஓர் ஓவியர் நின்று, ஏற்கெனவே வரைந்து வைத்த மாதிரிப் படத்தைக் காட்டி, "முதலில் வானம், பிறகு மரம்" என்று படிப்படியாகச் சொல்லித்தருகிறார். பக்கத்தில் கோப்பையில் பானம். இரண்டு, மூன்று மணி நேரத்தில் ஆளுக்கு ஒரு படத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். பேச்சு சுவாரசியத்தில் தூரிகையைத் தண்ணீருக்குப் பதில் ஒயினில் முக்கிவிடுவது இந்த வகுப்புகளின் நிரந்தர நகைச்சுவை.

இந்த வடிவம் முதலில் வேர்விட்டது நியூயார்க்கிலோ பாரிஸிலோ அல்ல, அமெரிக்காவின் தென் மாநிலங்களில். அலபாமாவின் பர்மிங்காம் பகுதியில் வெண்டி லோவாய் 2002-இல் இப்படியொரு கூடத்தைத் தொடங்கினார். ஆனால் இதை நாடு முழுக்கக் கொண்டுபோன கதை லூசியானாவில் தொடங்குகிறது.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி கரையைக் கடந்தது. வெள்ளத் தடுப்பு அரண்கள் உடைந்து நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் சுமார் 80 சதவீதம் நீரில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் என்ன ஆகும் என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பரைச் சென்னையில் பார்த்தவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். தண்ணீர் வடிந்த பிறகும் காப்பீட்டுப் படிவம், சுவர்ப் பூஞ்சை, ஊரைவிட்டுப் போன உறவுகள் என்று துயரம் வருடக்கணக்கில் நீண்டது.

அந்தச் சூழலில்தான், நியூ ஆர்லியன்ஸுக்கு எதிரே பான்சர்ட்ரெயின் ஏரியின் வடகரையில் இருக்கும் மாண்டவில் என்ற ஊரில், கேத்தி டியானோ, ரெனே மலோனி என்ற இரு தோழிகள் 2007-இல் ஓர் ஓவியக் கூடம் திறந்தார்கள். ஓவியர்களை உருவாக்குவது அவர்கள் நோக்கமல்ல. களைத்துப்போன அக்கம்பக்கத்தார் இரண்டு மணி நேரம் கவலையை மறந்து சேர்ந்து உட்கார ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். 'பெயின்டிங் வித் எ ட்விஸ்ட்' என்ற அந்த நிறுவனம் பின்னர் கிளை உரிமை கொடுத்து இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களுக்குப் பரவியது. 2009-இல் ஹூஸ்டனில் 'பினோஸ் பேலட்' வந்தது. 2012-இல் பாஸ்டனில் தொடங்கிய 'பெயின்ட் நைட்' தனிக் கூடமே தேவையில்லை என்று முடிவுசெய்து, கூட்டம் குறைவான வாரநாட்களில் மதுக்கூடங்களுக்கே ஓவியரை அனுப்பியது.

மது எதற்கு? பயத்தைப் போக்க என்று சொல்வார்கள். "எனக்கு வரைய வராது" என்ற பயம் நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பாருங்கள். அந்தப் பயத்தை மது இல்லாமலே போக்கியவர்கள் இருந்திருக்கிறார்கள்.

1950-களின் தொடக்கத்தில் டெட்ராயிட்டில் ஒரு பெயின்ட் கம்பெனியில் வேலைபார்த்த டான் ராபின்ஸ், எண் போட்ட கட்டங்களில் அதே எண்ணுள்ள நிறத்தை நிரப்பும் ஓவியப் பெட்டியை வடிவமைத்தார். விமர்சகர்கள் கேலி செய்தார்கள். மக்கள் வாங்கிக் குவித்தார்கள். 2001-இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகமே அதற்கு ஒரு கண்காட்சி வைத்தது. அடுத்து பாப் ராஸ். இருபது ஆண்டுகள் விமானப்படையில் இருந்துவிட்டு வந்த அவர், 1983 முதல் 1994 வரை பொதுத் தொலைக்காட்சியில் 403 நிகழ்ச்சிகளில், அரை மணிக்குள் ஒரு படம் என்று தாழ்ந்த குரலில் வரைந்து காட்டினார். கேமராவுக்கு வெளியே முன்பே வரைந்த மாதிரிப் படம் ஒன்றை வைத்துக்கொள்வது அவர் வழக்கம். இன்றைய வகுப்புகளில் முன்னால் நிற்கும் மாதிரிப் படமும் அதே வேலையைத்தான் செய்கிறது.

வேதியியலுக்கும் ஒரு பங்கு உண்டு. எண்ணெய் வண்ணம் காய நாட்கணக்கு ஆகும். 1950-களின் நடுவில் ஓவியர்களுக்காக விற்பனைக்கு வந்த, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமோ சில நிமிடங்களில் காய்ந்துவிடும். அது இல்லையென்றால் வானத்தின் மேல் மரத்தை அதே மாலையில் வரைவது புதியவர்களுக்குக் கடினம். படத்தைக் காரில் எடுத்துப்போவதும் கடினம்.

எல்லோரும் ஒரே படத்தை நகலெடுப்பது கலையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் முப்பது பேர் ஒரே மரத்தை வரைந்தாலும் முப்பது மரமும் வேறு வேறாக வரும். நம் வீட்டு வாசலில் ஒரே புள்ளிக் கோலத்தை இருவர் போட்டாலும் கை தெரிந்துவிடுகிறதே, அப்படி.

இன்னொன்றும் கவனியுங்கள். அதே நிறுவனங்கள் குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கு மது இல்லாத வகுப்புகளும் நடத்துகின்றன. 2020-இல் பெருந்தொற்று வந்து கூடங்கள் பூட்டப்பட்டபோது, பெட்டியில் வண்ணங்களை வீட்டுக்கு அனுப்பி, திரையில் வகுப்பு எடுத்தார்கள். கோப்பையை எடுத்துவிட்டாலும் வகுப்பு நிற்கிறது. மாதிரிப் படம், சீக்கிரம் காயும் வண்ணம், அவசரப்படுத்தாத ஓர் ஆசிரியர், பக்கத்தில் ஒரு மனிதர்: இவை போதும்.

இதில் நமக்குக் குறைவாக இருப்பது கடைசியாகச் சொன்னதுதான். லிஃப்டில் ஐந்து வருடமாகத் தலையசைத்துக்கொள்கிறோம். எதிர் வீட்டுக்காரர் பெயர் தெரியாது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாக இருக்கும் மூத்தவர்கள் ஒவ்வொரு பிளாக்கிலும் உண்டு. மாண்டவில்லின் அந்த இரு தோழிகள் வெள்ளத்துக்குப் பிறகு கண்டுகொண்டதை, நாம் இன்னொரு வெள்ளம் வரும்வரை காத்திருக்காமல் செய்யலாம்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் என் கை உயரும், ஒரு சிறு திருத்தத்தோடு: கோப்பையில் ஃபில்டர் காபி. தூரிகையை அதில் முக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.