கதிர்காமக் காட்டுவழியும் ஒரு பழைய சேலையும்

ரொரன்ரோவில் வளர்ந்த என் மருமகன் ஒருவன் அண்மையில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். அடுத்த திருவிழாவுக்கு ஊருக்கு வந்து, உகந்தையிலிருந்து காட்டுவழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கப் போகிறானாம். கடிதத்தோடு ஒரு பட்டியலும் இருந்தது. இருவர் படுக்கும் கூடாரம், உறக்கப்பை, கணுக்காலை மறைக்கும் சப்பாத்து, வாயு அடுப்பு, எழுபது லீற்றர் கொள்ளும் முதுகுப்பை என்று அது நீண்டது. "மாமா, இவற்றில் எதை நம்பி எடுத்துவரலாம் என்று எழுதுங்கள்" எனக் கேட்டிருந்தான்.

அவன் குறிப்பிட்ட பொருட்களிற் பாதியை நான் கையால் தொட்டதுமில்லை. ஆனால் கேள்வி எனக்குப் பழக்கமானது. ஆலையடிவேம்பில் பிறந்தவர்கள் ஆண்டுதோறும் கேட்டு வளர்ந்த கேள்வி அது. காட்டுக்குள் எதைக் கொண்டுபோவது, எதை விட்டுப்போவது? அவனுக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் பாதயாத்திரிகர், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக எங்கள் கரைக்கு வந்து சேருவார்கள். கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வரும் பாதை இது. ஆலையடிவேம்பைக் கடந்தால் தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி, பொத்துவில், பாணமை. அதற்கப்பால் கடலோரத்தில் உகந்தை முருகன் கோயில். உகந்தைக்குப் பின் ஊரில்லை, கடையில்லை. குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்கித் தங்கி, யானையும் கரடியும் சிறுத்தையும் வாழும் காட்டின் ஊடாக ஐந்தாறு நாள் நடக்க வேண்டும்.

பழைய யாத்திரிகரின் பொதியைப் பார்த்தவர்களுக்கு அது வறுமையின் அடையாளமாகவே தோன்றியிருக்கும். மாற்றுடை ஒன்று, பழஞ்சேலை ஒன்று, அரிசி, பருப்பு, அவல், உப்பு, ஒரு பாத்திரம், ஒரு கத்தி, தகர டப்பாவுக்குள் தீப்பெட்டியும் கற்பூரமும், கையில் ஊன்றுகோல். கூடாரம் இல்லை. அது இல்லாததற்குக் காரணம் ஏழ்மை மட்டுமல்ல. எங்கள் கீழ்க்கரையில் மழை கொட்டுவது மார்கழியை ஒட்டிய வாடைக்காற்றுக் காலத்தில். கதிர்காமத் திருவிழாவோ ஆடியை ஒட்டியது. அப்போது இங்கே கச்சான் காற்று வீசும். குளங்கள் சேறாகச் சுருங்கும், ஆற்று மணல் காய்ந்து கிடக்கும். அந்த மணலில் சேலையை விரித்து, விலங்கு அண்டாதபடி விடியும்வரை தீ வளர்த்து, முறைவைத்து விழித்திருப்பதே அவர்கள் கண்ட பாதுகாப்பு. மழைக்காக ஆயத்தம் செய்தவன் அந்தக் காட்டில் தாகத்தால் தவிப்பான். அங்கே மனிதரைக் கைவிடக் கூடியவை இரண்டு: தண்ணீரும் பாதமும். பொதி முழுவதும் அந்த இரண்டையும் நினைத்தே கட்டப்பட்டது.

அப்படிக் கட்டிய பொதியை அவர்கள் எங்கே சோதித்தார்கள் என்பதுதான் முக்கியம். ஆலையடிவேம்பிலிருந்து பொத்துவில் வரையுள்ள ஏறத்தாழ 45 கிலோமீற்றர் கரையோரப் பாதைதான் எங்கள் ஊரவரின் பரிசோதனைக்கூடம். முதல்நாள் நடையிலேயே எந்தக் கயிறு தோளை அறுக்கிறது, எந்தப் பாத்திரம் ஒழுகுகிறது, எது வீண்சுமை என்பது வெளிப்பட்டுவிடும். அறுந்ததைத் திருக்கோவிலில் தைக்கலாம், ஒழுகியதைப் பொத்துவிலில் மாற்றலாம், மிஞ்சியதை வழியிலுள்ள உறவினர் வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். நடக்க முடியாதவர் என்று தெரிந்தால் வண்டியேற்றி வீட்டுக்கு அனுப்பவும் வழியிருந்தது. உகந்தையில் கடலாடிக் காட்டுக்குள் இறங்கும்போது, பொதியில் இருந்தது ஒவ்வொன்றும் பிழைபார்த்துத் தேறியது.

இதை நான் பட்டறிந்தவன். எழுபதுகளின் பிற்பகுதியில், செய்தி எழுதும் எண்ணத்தோடு ஒரு குழுவுடன் நடந்தேன். கொழும்பிலே வாங்கிய புதுச் சப்பாத்து என் காலில். குழுவின் மூத்த அம்மா ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. கோமாரியை அடையுமுன் இரு குதிகாலும் கொப்பளித்தன. ஒரு சப்பாத்தின் அடித்தோலும் வாய்பிளந்தது. பொத்துவிலில் டயரில் வெட்டிய செருப்பு ஒரு சோடி வாங்கி, இரண்டு நாள் ஓய்ந்து, பின்னால் வந்த வேறொரு குழுவோடு சேர்ந்துகொண்டேன். அந்தச் சப்பாத்து காட்டுக்குள் வாய்பிளந்திருந்தால் என்னை யாரோ சுமந்திருக்க வேண்டும்.

சோதியாத கருவி எத்தகைய கேட்டைத் தரும் என்பதற்கு உலகறிந்த சான்று தென்துருவத்தில் உண்டு. 1912இல் துருவத்தை அடைந்து திரும்பிய இராபர்ட் ஸ்கொட்டின் குழுவினர், வழியிற் புதைத்து வைத்த எரிபொருள் தகரங்களைத் திறந்தபோது எண்ணெய் குறைந்திருந்தது. மூடியிலிருந்த தோல் வளையம் கடுங்குளிரில் சுருங்கி, எண்ணெய் கசிந்துபோயிருந்தது. எரிபொருள் குறைந்தால் பனியை உருக்கிக் குடிநீர் பெறுவதும் குறையும். அவர்களோடு போட்டியிட்டு முந்திய அமுண்ட்சனோ தம் தகரங்களை ஈயம் பற்றவைத்தே மூடியிருந்தார். ஸ்கொட் குழுவினர் மாண்டதற்குக் காரணங்கள் பல. ஆயினும் ஒரு சிறு தோல் வளையம் அவற்றுள் ஒன்று.

எங்கள் காட்டுவழியின் தோல் வளையம், தண்ணீர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கதிர்காம யாத்திரையை வாந்திபேதி தொடர்ந்து வந்தது. பிரித்தானிய அரசு யாத்திரிகருக்குப் பல கட்டுப்பாடுகளை விதித்தது. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப், 1910இல் கதிர்காமத்திலே தங்கி யாத்திரையை மேற்பார்வை செய்தார். பின்னாளில் நாவலாசிரியை வேர்ஜீனியா வூல்ஃபின் கணவராக அறியப்பட்டவர் அவரே. இந்நோயின் கிருமியை ஜெர்மானிய அறிஞர் ரொபேட் கொக் 1884இல் கல்கத்தாவில் இனங்கண்டு உறுதி செய்தார். கிருமி தெரிந்தது, ஆனால் காட்டுக் குளத்தில் குனிந்து நீர் மொள்ளும் ஏழைக்கு அதிலிருந்து தப்பும் வழி எளிதில் கிடைக்கவில்லை.

கிடைத்த ஒரு வழி எங்கள் பாட்டிமாரின் பொதியிலேயே இருந்தது என்பதுதான் வியப்பு. அமெரிக்க அறிஞர் ரீட்டா கோல்வெல்லும் அவருடைய குழுவினரும் வங்காளதேசத்தின் மட்லப் பகுதியில் 65 கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தி, 2003இல் வெளியிட்டனர். பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்துக் குடத்து வாயில் கட்டி நீரை வடித்த கிராமங்களில் வாந்திபேதி 48 வீதம் குறைந்ததாம். அக்கிருமி நீரில் மிதக்கும் நுண்ணுயிரிகளின் உடலில் ஒட்டி வாழ்கிறது. சேலை மடிப்பு அந்த நுண்ணுயிரிகளைத் தடுக்கிறது. புதுச்சேலையைவிடப் பழஞ்சேலை மேல். துவைத்துத் துவைத்து நூல் நைந்து இழை பரவுவதால் கண்கள் சிறுத்துவிடுகின்றன. வடித்தபின் துணியை அலசி வெயிலில் காயவைக்க வேண்டும் என்பதும் விதி. வடித்தது மட்டும் போதாது, வடித்துக் கொதிக்கவைப்பதே உத்தமம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு வேண்டிய துணியைத் தேடி அலைய வேண்டியதில்லை. கல்முனைக்கு அருகேயுள்ள மருதமுனை, முஸ்லிம் நெசவாளர்களின் கைத்தறிக்குப் பேர்போன ஊர். அங்கே நெய்த பருத்திச் சேலையும் சாரமும் கந்தனைக் காணப்போகும் யாத்திரிகருக்கு விரிப்பாகவும் போர்வையாகவும் நிழலாகவும் நீர் வடியாகவும் பயன்படும். கதிர்காமத்தில் முருகன் சந்நிதிக்கு அருகிலேயே பள்ளிவாசலும் இருப்பதை, திருவிழாக் காலத்தில் அங்கும் கொடியேறுவதை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

பாத்திரத்தின் வரலாறும் இப்படித்தான். சுரைக்குடுவை இலேசானது, ஆனால் உடையும். பித்தளைச் செம்பு உடையாது, ஆனால் கனக்கும். 1886இல் அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. 1898இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். இலேசும் உறுதியும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்தன; அதிலே நீரும் சுமக்கலாம், கஞ்சியும் காய்ச்சலாம். அதன்பின் வந்தது பிளாஸ்டிக் போத்தல். எடையில் அதை வெல்ல ஒன்றுமில்லை. ஆனால் பித்தளைச் செம்பைக் காட்டில் எறிந்துவிட்டு வந்தவர் எவருமிலர். போத்தலை எறியாதவர் குறைவு. நம்பகமான பொருள் என்பதற்கு நான் ஓர் இலக்கணம் சொல்வதானால், திரும்பி வரும்போதும் கூடவே வருவது என்பேன்.

1983க்குப் பின் போர்ச்சூழலில் இந்த நடை தடைப்பட்டது. 1988இல் பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்க அடியாரின் முயற்சியோடு சிறு குழுவாக அது மீண்டும் தொடங்கியது. யாத்திரிகர் கடந்துசெல்லும் கிழக்கு யால தேசியப் பூங்கா 1985 முதல் 2003 வரை பார்வையாளருக்கு மூடிக்கிடந்தது; 2006இல் அது குமண தேசியப் பூங்கா எனப் பெயர் மாறியது. 2009இல் போர் முடிந்தபின் ஆயிரக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். காட்டுவழியில் பவுசரில் தண்ணீரும் ஆங்காங்கே அன்னதானமும் கிடைக்கின்றன. நல்லதே. ஆனால் பெரும்பாலோர் உகந்தை வரை வாகனத்தில் வந்து, நேற்று வாங்கிய செருப்போடு நேரே காட்டுக்குள் இறங்குகிறார்கள். இழந்தது கரையோர நடை மட்டுமன்று. பொருளையும் உடம்பையும் சோதிக்கும் அந்தப் பரிசோதனைக்கூடத்தையும் இழந்துவிட்டோம்.

மருமகனுக்கு எழுதிய பதில் இதுதான்: கூடாரத்தை அங்கேயே விட்டுவிடு. சப்பாத்தை வாங்குவதானால் இன்றே வாங்கி, ரொரன்ரோத் தெருக்களில் மூன்று மாதம் தேய். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை நினைவில் வைத்து மற்றச் சுமைகளைக் குறை. திருவிழாவுக்கு ஒரு கிழமை முந்தி ஆலையடிவேம்புக்கு வா. நீ காட்டுக்குள் சுமக்கப்போகும் பொதியை அப்படியே சுமந்துகொண்டு, ஒரு விடியற்காலையில் திருக்கோவில் வரை நாமிருவரும் நடப்போம். எனக்கு முழங்கால் ஒத்துழைத்தால் கோவில் வாசல் வரை. இல்லாவிட்டால் தம்பிலுவில் வரை. அன்று மாலை உன் பொதியில் எது மிஞ்சுகிறதோ அதுவே நம்பகமானது.

சேலையைப் பற்றிக் கவலைப்படாதே. உன் அம்மம்மாவின் மருதமுனைச் சேலை ஒன்று பெட்டியில் இருக்கிறது. போதிய அளவு பழசு.