தொடங்க மறுக்கும் கணிப்பொறி

தேனி மாவட்டத்து மாணவர்க்குப் பெரியாற்று நீர் வரும் வழி தெரியும். 1895-ஆம் ஆண்டில் அணை கட்டி முடிந்தபின், மேற்கே ஓடிய நீர் தேக்கடி மதகில் நுழைந்து, மலையைக் குடைந்த சுரங்கத்தைக் கடந்து, கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து வைகையை அடைகின்றது. கடைமடை காய்ந்தால், தலைமதகு தொடங்கி ஒவ்வொரு மதகாகப் பார்ப்பதே வழி. கணிப்பொறி கண்விழிக்கும் முறையும் இத்தகையதே என்பதை எடுத்துரைக்க விரும்புகிறேன்.

விசையை அழுத்தியதும், பொறியில் நிலையாகப் பதிந்துள்ள ஒரு சிறு நிரல் முதலில் எழுகின்றது. நினைவகம், திரை, விசைப்பலகை ஆகியவற்றைச் சோதித்தபின் வட்டிலுள்ள தொடக்க நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கின்றது. தொடக்க நிரல் இயங்குதளத்தை அழைக்கின்றது. இயங்குதளமோ ஒவ்வொரு கருவியோடும் பேசுவதற்கு உரிய இயக்கி நிரலைத் தேடுகின்றது. ஒன்றன் மொழி மற்றொன்றுக்கு விளங்காத இடத்தில் பொறி நின்றுவிடுகின்றது.

இச்சிக்கல் பழையது. 1970-களில் ஒவ்வொரு நிறுவனத்தின் பொறியும் வெவ்வேறு அமைப்புடையது. சி.பி.எம். என்னும் இயங்குதளத்தை 1974-இல் ஆக்கிய கேரி கில்டால், பொறிக்குப் பொறி மாறும் பகுதியைத் தனியே பிரித்தார். அதற்கு 'பயாஸ்' என்ற பெயர் நிலைத்தது. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் பொறியின் பயாஸ் நிரலை அச்சிட்டு வெளியிட்டது. எனினும் அதன் பதிப்புரிமையைத் தானே வைத்துக்கொண்டது. காம்பேக் நிறுவனத்தில் ஒரு குழுவினர் அந்நிரல் செய்யும் பணிகளை மட்டும் குறித்தனர். அந்நிரலைக் கண்ணாலும் காணாத மற்றொரு குழுவினர் புதிதாக எழுதினர். 1982-இல் அறிவிக்கப்பட்ட அப்பொறியின் வழியே ஒத்தியங்கும் கணிப்பொறிகள் பெருகின.

ஆயினும் அட்டைகள் இரண்டு ஒரே குறுக்கீட்டு எண்ணைக் கோரினால் பொறி திகைத்து நின்றது. செருகியவுடன் கருவியை அறியும் முறையை 1995-இல் விண்டோஸ் பரவலாக்கிற்று. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸுக்கோ, கருவி செய்தோர் பலர் விவரம் தரவில்லை. தன்னார்வலர் சோதித்துச் சோதித்தே பல இயக்கிகளை எழுதினர். அவ்வழியில் சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இதுவும் இடம்பெற்றது.

மாணவர்களே, தொடங்காத கணினியைக் கெட்டதென்று மூலையில் வைத்துவிடாதீர். விளக்கும் ஒளிராவிடில் மின்வழியைப் பாருங்கள். விளக்கெரிந்தும் திரை இருண்டிருந்தால் நினைவகத்தைப் பாருங்கள். முதல் எழுத்துகள் தோன்றியபின் வட்டு இல்லை எனப் பொறி கூறினால், அதன் இணைப்பையும், எதிலிருந்து தொடங்குவது என்னும் வரிசையையும் பாருங்கள். இயங்குதளம் பாதியில் நின்றால், அண்மையில் சேர்த்த கருவியைக் கழற்றுங்கள். வேறோர் இயங்குதளத்தைச் சிறு நினைவுக்கோலிலிருந்து இயக்கிப் பாருங்கள். அது செவ்வனே ஓடினால், கருவிகள் பெரும்பாலும் நலமே. குறை அவை பேசும் மொழியில் உள்ளது.

கருவியின் விவரம் மறைக்கப்பட்டால் செய்தவர் ஒருவரே அதனைச் சீர்செய்ய இயலும். வெளியிடப்பட்டாலோ, போடிநாயக்கனூர்ப் பள்ளி மாணவரும் அதற்கோர் இயக்கி எழுதலாம். இந்த வரலாறு நமக்குத் தரும் பாடம் இதுவே.