தூக்குறவங்க கதை: டோலியில் இருந்து ஸ்பைன் போர்டு வரை

1/
ஒரகடத்துல ஏதாவது ஒரு கார் தொழிற்சாலையில வேலை பார்க்கிறவரைக் கேட்டுப் பாருங்க. இன்ஜினை யாரும் கையால தூக்க மாட்டாங்க. மேல இருந்து ஹாய்ஸ்ட் இறங்கி வரும், கொக்கி மாட்டுவாங்க, பட்டனை அழுத்துவாங்க, வேலை முடிஞ்சது.

அதே ஷிஃப்ட் முடிஞ்சு வெளியே வந்த ஒருத்தர் பைக்ல அடிபட்டு ரோட்டுல கிடக்கிறார்னு வைங்க. ரெண்டு பேர் கையைப் பிடிப்பாங்க, ரெண்டு பேர் காலைப் பிடிப்பாங்க. "தூக்கு தூக்கு"ன்னு ஷேர் ஆட்டோல மடக்கி உட்கார வைச்சு அனுப்புவாங்க.

2/
ஓடி வந்து தூக்கினவங்களைக் குறை சொல்ல இந்தப் பதிவு இல்லை. நின்னு பார்க்காம வண்டியைத் திருப்பிட்டுப் போறவங்க எத்தனையோ பேர். இவங்க நின்னாங்க, அதுவே பெரிசு.

ஆனா அடிபட்ட மனுஷனை எப்படித் தூக்கணும், எப்படிப் படுக்க வைக்கணும், எப்படித் திருப்பணும்ங்கிறதுக்கு 200 வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கு. அதுல நம்ம தமிழ் ஆட்களுக்கும் பெரிய பங்கு இருக்கு. வாங்க, பார்ப்போம்.

3/
முதல்ல டோலி.

ஒரு நீளமான மூங்கில். அதுல தொட்டில் மாதிரி துணி. முன்னால ரெண்டு பேர், பின்னால ரெண்டு பேர். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கு ரொம்ப காலம் இதுதான் ஆம்புலன்ஸ். "டோலி தூக்கிகள்"னு தனியா ஆட்களை வேலைக்கு வைச்சிருந்தாங்க. ரோடு போகாத மலைக் கிராமங்கள்ல இன்னைக்கும் பிரசவ வலி வந்த பெண்ணை டோலி கட்டித்தான் இறக்குறாங்க.

காய்ச்சல்காரருக்கு டோலி சரி. முதுகெலும்பு உடைஞ்சவருக்கு? துணி தொய்யும். உடம்பு வாழைப்பழம் மாதிரி வளையும். உடைஞ்ச எலும்பு தண்டுவடத்தை நசுக்கும். துணி தொய்யாம உடம்பை நேரா வைக்கிறது எப்படி? ஸ்ட்ரெச்சரோட மொத்த வரலாறும் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

4/
ஐரோப்பா பக்கம் போவோம். 1790-கள், பிரான்ஸ். அப்போ போர் முடியிற வரைக்கும் காயம்பட்டவன் களத்துலயே கிடப்பான். டொமினிக் ழான் லாரே என்ற ராணுவ சர்ஜன் இதை மாத்தினார். குதிரை இழுக்கும் இலகுவான வண்டி, குலுங்காம இருக்க ஸ்பிரிங். சண்டை நடக்கும்போதே போய்த் தூக்கிட்டு வரணும். பேரே "பறக்கும் ஆம்புலன்ஸ்".

அவர் இன்னொரு விதியும் வைச்சார். பதவி பார்க்காதே, காயத்தோட தீவிரத்தைப் பார்த்து வரிசைப்படுத்து. இன்னைக்கு நம்ம அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுல சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிக்கிறோம் பாருங்க, அதோட வேர் அங்கதான் இருக்கு.

5/
அதே காலத்துல பெர்சின்னு இன்னொரு பிரெஞ்சு சர்ஜன். தூக்குறதுக்குன்னே பயிற்சி கொடுத்துத் தனிப் படை அமைச்சார். ஆளுக்கு ஒரு கம்பு, ஆளுக்குப் பாதித் துணி. ரெண்டு பேர் சேர்ந்தா ஒரு ஸ்ட்ரெச்சர்.

அவர் கொண்டு வந்த பெரிய மாற்றம், கம்பையும் துணியையும் விட, "தூக்குறது ஒரு தனி வேலை, அதுக்குப் பயிற்சி வேணும்"ங்கிற எண்ணம்தான்.

6/
இப்போ நம்ம ஆட்கள் கதை. பள்ளிப் புத்தகத்துல ஒரு வரியில முடிச்சிருப்பாங்க.

1860-ல மெட்ராஸ் துறைமுகத்துல இருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் போச்சு. அதுக்கப்புறம் கரும்புத் தோட்டத்துக்குப் போனவங்கள்ல பெரும்பகுதி தமிழும் தெலுங்கும் பேசினவங்க.

1899-ல போயர் போர் வெடிக்குது. அப்போ நேட்டால்ல வக்கீலா இருந்த காந்தி, இந்திய ஆம்புலன்ஸ் படை அமைக்கிறார். சுமார் 1,100 பேர். அதுல சுமார் 300 பேர்தான் சுதந்திர இந்தியர்கள். மீதி அத்தனை பேரும் ஒப்பந்தத் தொழிலாளிகள். பயிற்சி கொடுத்தவர் டாக்டர் பூத்.

7/
ஸ்பியோன் காப் குன்றுச் சண்டை, 1900 ஜனவரி. காயம்பட்ட சிப்பாய்களை ஸ்ட்ரெச்சர்ல சுமந்துக்கிட்டு ஒரு நாளைக்கு 20 முதல் 25 மைல் நடந்ததா காந்தியே எழுதியிருக்கார். கிலோமீட்டர்ல 32-ல இருந்து 40. ஒரகடம் கூட்ரோட்டுல இருந்து கிட்டத்தட்ட காஞ்சிபுரம் போற தூரம். தோள்ல ஒரு ஆளைச் சுமந்துக்கிட்டு.

போர்ப் பதக்கம் யாருக்குக் கிடைச்சது தெரியுமா? படையின் தலைவர்களுக்கு.

தோள் கொடுத்த அந்தக் கூலித் தொழிலாளிகள் பெயரெல்லாம் நம்மள்ல யாருக்குத் தெரியும்? இதை மனசுல வைச்சுக்கோங்க, கடைசில இதுக்குத் திரும்ப வர்றேன்.

8/
அடுத்த பாடம் முதல் உலகப் போர்ல கிடைச்சது. தொடை எலும்பு முறிவு.

தொடை எலும்பு உடைஞ்சா உள்ளுக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல ரத்தம் போகும். அசைக்க அசைக்க எலும்பு முனை சதையைக் கிழிக்கும், ரத்தம் இன்னும் போகும். போர்க்களத்துல இருந்து ஆஸ்பத்திரி வர்றதுக்குள்ளேயே பல பேர் செத்தாங்க.

லிவர்பூல்ல எலும்பு வைத்தியம் பார்த்த ஹியூ ஓவன் தாமஸ் 19-ஆம் நூற்றாண்டுலயே ஒரு கம்பி வளையச் சட்டம் செஞ்சு வைச்சிருந்தார். பெருசா யாரும் கண்டுக்கல. அவரோட மருமகன் ராபர்ட் ஜோன்ஸ்தான் அதைப் போர்முனைக்குக் கொண்டு போனார். களத்துலயே காலை இழுத்துக் கட்டு, அப்புறம் தூக்கு. தொடை முறிவுல இறப்பு 80 சதவீதத்துல இருந்து 20 பக்கம் இறங்குச்சுன்னுதான் நாங்க பாடப்புத்தகத்துல படிச்சோம்.

இதுக்காகப் புது மருந்தோ புது ஆபரேஷனோ வரல. வரிசைதான் மாறுச்சு: முதல்ல கட்டு, அப்புறம் தூக்கு.

9/
கப்பல்ல வேற பிரச்சினை. இன்ஜின் ரூம்ல அடிபட்டவரைச் செங்குத்தான ஏணி வழியா மேல ஏத்தணும். 20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல பிரிட்டிஷ் கடற்படையில நீல் ராபர்ட்சன் ஸ்ட்ரெச்சர் வந்துச்சு. கேன்வாஸுக்குள்ள மூங்கில் பட்டைகள். ஆளைப் பாய்ல சுருட்டுற மாதிரி சுத்திக் கட்டி, கயிறு போட்டு நேரா மேல தூக்கிடலாம். டோலியில தொங்கவிட்ட அதே மூங்கில், இங்க உடம்பை நிமிர்த்திப் பிடிச்சிருக்கு. டேங்க், குழி, உயரமான மேடைன்னு தொழிற்சாலை மீட்புக்கும் இந்த வகை பயன்பட்டுச்சு.

10/
சரி, ஸ்பைன் போர்டு. 108 வண்டியில மஞ்சளோ ஆரஞ்சோ ஒரு நீளமான பிளாஸ்டிக் பலகை பார்த்திருப்பீங்க.

1960-கள், அமெரிக்கா. கார் பெருகுது, விபத்தும் பெருகுது. ஃபேரிங்டன் என்ற சர்ஜன் 1967-ல "பள்ளத்தில் மரணம்"ங்கிற தலைப்புல கட்டுரை எழுதினார். நசுங்கின கார்ல இருந்து ஆளைப் பிடிச்சு இழுக்காதீங்க, பலகையில சறுக்கி வெளியே எடுங்கன்னு சொல்லிக் கொடுத்தார். அப்போ அது பிளைவுட் பலகைதான்.

கவனிங்க, அது வெளியே எடுக்கிறதுக்கான கருவி. ஆனா காலப்போக்குல விபத்துன்னாலே ஆளைப் பலகையில கட்டி, ஆஸ்பத்திரி வரைக்கும், சில சமயம் ஸ்கேன் முடியிற வரைக்கும் அதுலயே வைக்கிற பழக்கம் உலகம் முழுக்கப் பரவிடுச்சு.

11/
இங்கதான் ஒரு ட்விஸ்ட்.

1998-ல ஹாஸ்வால்ட் குழு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. முதுகெலும்பில் அடிபட்டு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ ஆஸ்பத்திரிக்கு வந்த 334 பேர், கோலாலம்பூர் மலாயா பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்கு வந்த 120 பேர். அமெரிக்காவுல எல்லாரும் பலகையில கட்டப்பட்டு வந்தவங்க. மலேசியாவுல ஒருத்தரும் அப்படி வரல.

நரம்பு பாதிப்பு யாருக்கு அதிகம் இருக்கும்னு நினைக்கிறீங்க? மலேசியாக்காரங்களுக்குத்தான் குறைவு!

"அப்போ எப்படி வேணா தூக்கலாமா டாக்டர்?"னு கேட்காதீங்க. அந்த ஆய்வுக்குக் குறைகள் இருக்கு. வழியிலேயே இறந்தவங்க கணக்குல வரல, ரெண்டு நாட்டு விபத்தும் ஒரே மாதிரி இல்லை. ஆனா "பலகையில கட்டிட்டா பாதுகாப்பு"ங்கிற நம்பிக்கை ஆட்டம் கண்டுச்சு.

12/
கட்டியான பலகையில ரொம்ப நேரம் படுத்தா வலி, மூச்சு விடச் சிரமம், படுக்கைப்புண். 2013-ல அமெரிக்க அவசர மருத்துவர்களும் சர்ஜன்களும் சேர்ந்தே சொல்லிட்டாங்க: பலகையைத் தேவையானவங்களுக்கு மட்டும் பயன்படுத்துங்க, சீக்கிரம் இறக்கிடுங்க.

இடைப்பட்ட காலத்துல ஸ்கூப் ஸ்ட்ரெச்சர் பரவியிருந்துச்சு. நீளவாக்கில் ரெண்டாப் பிரியும். ஒரு பாதியை வலப்பக்கம், ஒரு பாதியை இடப்பக்கம் உடம்புக்கு அடியில செருகி கிளிப் போடணும். ஆளை முழுசாப் புரட்டவே வேண்டாம். தமிழ்நாட்டுல 108 சேவை 2008-ல தொடங்கினதுக்கு அப்புறம்தான் இந்தக் கருவிகளெல்லாம் சாதாரண ஜனங்க கண்ணுக்கே பட்டுச்சு.

13/
ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து சேர்த்தாச்சு. கதை முடிஞ்சதா? இல்லை. அடுத்தது திருப்பிப் படுக்க வைக்கிறது.

தண்டுவடம் அடிபட்டவர் ஒரே பக்கம் படுத்திருந்தா புண் வரும், கிருமி பரவும், உயிர் போகும். ஒரு காலத்துல கால் செயலிழந்தவர் ரெண்டு மூணு வருஷம் இருப்பார்னு சொல்லிக் கைகழுவிடுவாங்க. 1944-ல இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்ல டாக்டர் லூட்விக் குட்மன் பிடிவாதமா ஒரு விதி போட்டார். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பு. ராத்திரியும் சேர்த்து. அந்த ஒரு விதி ஏராளமான உயிரைக் காப்பாத்துச்சு. இன்னைக்கும் எல்லா ஐ.சி.யு.விலும் அதுதான் கணக்கு.

14/
இதோட தமிழ்நாட்டு அத்தியாயம் வேலூர்ல இருக்கு.

டாக்டர் மேரி வர்கீஸ். சி.எம்.சி.ல இளம் டாக்டர். 1954-ல கார் விபத்து, இடுப்புக்குக் கீழ செயலிழப்பு. அவங்க சக்கர நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டே தொழுநோயாளிகளோட கைகளுக்கு ஆபரேஷன் பண்ணாங்க. வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுத் திரும்பி அந்தத் துறைக்குத் தலைமை ஏத்தாங்க. 1966-ல வேலூர்ல உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் வந்துச்சு, இந்தியாவுல அந்த வகையில முதல். 1972-ல பத்மஸ்ரீ.

ரோட்டுல எப்படித் தூக்கினாங்கங்கிறதுல ஆரம்பிக்கிற கதை, அந்த மனுஷன் திரும்ப வேலைக்குப் போறாரா இல்லையாங்கிறதுலதான் முடியணும். அதை வாழ்ந்தே காட்டினவங்க அவங்க.

15/
இப்போ தூக்குறவங்ககிட்ட திரும்ப வருவோம்.

தொழிற்சாலையில பாதுகாப்புப் பிரிவுல இருக்கிறவங்களுக்கு 23 கிலோங்கிற எண் தெரிஞ்சிருக்கும். அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு 1991-ல போட்ட கணக்கு. எல்லாச் சூழலும் சரியா இருந்தாலும் ஒருத்தர் கையால தூக்கக்கூடிய உச்ச எடை அது. நோயாளியைத் தூக்குறதா இருந்தா 2007-ல அதே வழியில போட்ட கணக்கு வெறும் 16 கிலோ. ஏன்னா மனுஷனுக்குக் கைப்பிடி கிடையாது. நழுவுவான், திமிறுவான், வலியில கத்துவான்.

70 கிலோ ஆளை நாலு பேர் பெட்ஷீட்டைப் பிடிச்சு டிராலியில இருந்து கட்டிலுக்கு மாத்தினா ஆளுக்கு எவ்வளவு? பதினேழரை கிலோ. கணக்குலயே தப்பு. பல சமயம் அங்க நாலு பேர் இருக்க மாட்டாங்க, ரெண்டு பேர்தான்.

16/
இதுக்கு ராக்கெட் சயின்ஸ் எதுவும் வேண்டாம். அமெரிக்காவுல டெட் ஹோயர்னு ஒருத்தர், விபத்துல கை கால் செயலிழந்தவர், தன்னைத் தூக்குறவங்க படுற பாட்டைப் பார்த்து 1950-கள்லயே ஹைட்ராலிக் ஹாய்ஸ்ட் உருவாக்கிட்டார். நம்ம ஒர்க்ஷாப்ல இன்ஜினைத் தூக்குற அதே வேலை முறை. ஒரு ஆள் போதும். அதைவிட எளிசு, வழுக்கும் டிரான்ஸ்ஃபர் பலகை. டிராலிக்கும் கட்டிலுக்கும் நடுவுல வைச்சுத் தள்ளினா நோயாளி சறுக்கிட்டுப் போயிடுவார்.

வார்டுல தூக்குற அண்ணன்களும் அக்காக்களும் பல இடங்கள்ல ஒப்பந்தப் பணியாளர்கள். நாப்பது வயசுலயே முதுகு வலின்னு என்கிட்டயே மாத்திரை கேட்பாங்க. நேட்டால்ல சுமந்தவங்களுக்கும் இவங்களுக்கும் நடுவுல 120 வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு. தோள் மட்டும் அதே தோள்.

17/
மத்திய அரசின் மருத்துவக் கருவிப் பூங்காத் திட்டத்துல தமிழ்நாட்டுக்குத் தேர்வான இடம் எது தெரியுமா? நம்ம ஒரகடம் சிப்காட், 350 ஏக்கர். ஸ்கேன், வென்டிலேட்டர்னு பேசும்போது, தூக்குற கருவியையும் பட்டியல்ல சேர்க்கச் சொல்லுங்க. ஹாய்ஸ்ட், டிரான்ஸ்ஃபர் பலகை, ஸ்கூப். இதெல்லாம் செய்யத் தெரிஞ்ச வெல்டரும் ஃபிட்டரும் இந்த ரோட்டுலதான் தினமும் பஸ் ஏறுறாங்க.

18/
கடைசியா, நாளைக்கே உங்களுக்குத் தேவைப்படலாம். சேமிச்சு வைச்சுக்கோங்க.

• முதல்ல 108. உடனே.

• வண்டிகள் மோதாதபடி ஆளை விட்டுப் போக்குவரத்தைத் திருப்புங்க.

• தீ, தண்ணி, மேல வண்டி ஏறும் ஆபத்துன்னு இருந்தா மட்டும் நகர்த்துங்க. அப்பவும் தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோடு. மடக்காதீங்க, உட்கார வைக்காதீங்க.

• நல்லா மூச்சு விடுறார்னா ஹெல்மெட்டைப் பிடுங்காதீங்க. முன் கண்ணாடியை மட்டும் திறங்க.

• ரத்தம் பீறிட்டா சுத்தமான துணியால அழுத்திப் பிடிங்க, விடாதீங்க.

• மயக்கத்துல வாந்தி எடுத்தா, ரெண்டு மூணு பேர் சேர்ந்து தலையோட உடம்பையும் ஒண்ணாச் சேர்த்து ஒரு பக்கமாத் திருப்புங்க. முதுகைவிட மூச்சு முக்கியம்.

• தண்ணி, ஜூஸ், சோடா கொடுக்காதீங்க.

19/
"போலீஸ், கோர்ட்னு அலைய விடுவாங்களே?"ன்னு பயம் வேண்டாம். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துல 134ஏ பிரிவு உதவி செய்றவரைப் பாதுகாக்குது. "காசு யார் கட்டுறது?"ன்னும் தயங்காதீங்க. 2021 டிசம்பர்ல இருந்து இன்னுயிர் காப்போம் திட்டத்துல, இணைந்த மருத்துவமனைகள்ல சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பீகார்ல இருந்து வந்த தொழிலாளியா இருந்தாலும் சரி, அவருக்கும் உண்டு.

உங்க கம்பெனி பாதுகாப்புக் குழுவுல இருந்தா ஒரு வேலை பண்ணுங்க. 500 பேருக்கு மேல வேலை செய்ற தொழிற்சாலைக்கு ஆம்புலன்ஸ் அறை கட்டாயம்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்துலயே சொல்லியாச்சு. அந்த அறையில ஸ்ட்ரெச்சர் இருக்கும். ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் அதைச் சரியா தூக்கத் தெரிஞ்ச நாலு பேர் இருக்காங்களான்னு நாளைக்குக் கேட்டுப் பாருங்க. இல்லைன்னா ஒரு மணி நேரப் பயிற்சி ஏற்பாடு பண்ணச் சொல்லுங்க.

பயன் இருந்தா உங்க ஷிஃப்ட் வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, டியூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன்.