லக்னௌ மணப்பந்தலிலே சரவிளக்குகள்

சரவிளக்கு வீட்டுக்குள் இருக்கவேண்டிய பொருள். உயர்ந்த கூரை, உறுதியான உத்தரம், காற்றை மறிக்கும் சுவர் என்னும் மூன்றும் அமைந்த மண்டபங்களுக்கென்றே ஐரோப்பியக் கம்மியர் அதனை வகுத்தனர். இன்றோ தோட்டங்களிலும் புல்வெளிகளிலும் நிகழும் மணவிழாக்களில், மரக்கிளையிலும் பந்தல் வளையிலும் கண்ணாடிச் சரங்கள் தொங்கி ஒளிவிடக் காண்கின்றோம். இதனைப் புதுநாகரிகம் என்று எண்ணுவோர் பலர். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, வட இந்தியாவில் லக்னௌ நகரில், வானத்தின் கீழே நடந்த ஒரு திருமணத்தில் இவ்வழக்கம் எவரும் வியக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. அத்திருமணத்தின் கதையையே இன்று நேயர்களுக்குக் கூற விழைகின்றேன்.

முதலில் விளக்கைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 1674ஆம் ஆண்டில் ஜோர்ஜ் றேவன்ஸ்குறொவ்ற் என்பவர் புதுவகைக் கண்ணாடிக்கு இங்கிலாந்தில் உரிமைப் பத்திரம் பெற்றார். நாளடைவில் ஈய ஒட்சைட்டுச் சேர்த்து வார்க்கப்பட்ட அக்கண்ணாடி தெளிவும் கனமும் உடையது. பட்டை தீட்டினால் ஒளிக்கதிரைப் பெரிதும் வளைத்துச் சிதறடிக்கும் இயல்பும் உடையது. ஒரு மெழுகுவர்த்தியின் சுடரைப் பத்துத் துண்டுக் கண்ணாடி வாங்கிப் பத்துச் சுடராகக் காட்டும். உண்மையில் அறையிலுள்ள ஒளி அதனாற் பெருகுவதில்லை. கண்ணுக்குத்தான் பெருகியதாகத் தோன்றும். சரவிளக்கின் மாயம் முழுவதும் இவ்வளவே. ஆபத்தும் அதனுடன் பிறந்ததே. 1771இல் இங்கிலாந்தின் பாத் நகரத்து நடனமண்டபத்தில், புதிதாகத் தூக்கிய சரவிளக்கு ஒன்றின் கிளை முறிந்து, ஓவியர் கெயின்ஸ்பறோவின் தலைக்கு மயிரிழை தப்பி வீழ்ந்தது. கல்லாற் கட்டிய மண்டபத்திலேயே இந்நிலை என்றால், கயிற்றிலும் கம்பத்திலும் நிற்கும் கூடாரத்தில் அதனைத் தூக்க முனைந்தவரின் துணிவை என்னென்பது!

அத்துணிவு உடையவராக இருந்தவர் அயோத்தி நாட்டை, அதாவது அவத் என்று வழங்கிய நாட்டை, ஆண்ட நவாப் ஆசப் உத் தௌலா. 1775இல் பட்டமெய்தியதும் பைசாபாத்திலிருந்து தலைநகரை லக்னௌவுக்கு மாற்றினார். 1784இற் கொடும் பஞ்சம் வந்தபோது பெரிய இமாம்பாடாவைக் கட்டத் தொடங்கி, பட்டினியால் வாடிய மக்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். இறைவன் கொடாதவர்க்கும் ஆசப் கொடுப்பார் என்று லக்னௌவாசிகள் அவரைப் பற்றிச் சொல்லி வந்தனர். அந்த நவாபுக்கு ஐரோப்பியப் பொருள்கள்மேல் அடங்காத ஆசை இருந்தது. கடிகாரம், நிலைக்கண்ணாடி, பளிங்கு விளக்கு ஆகியவற்றை விலை கேளாமல் வாங்கிக் குவித்தார். விற்றவர்கள் எவர் என்பதை நாம் கவனிக்கவேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளை அவத்தில் வைத்திருப்பதற்காக ஆண்டுதோறும் பல இலட்சம் ரூபா அந்நாடு அக்கம்பெனிக்குக் கட்டி வந்தது. அதற்குமேல், அதே கம்பெனியின் கப்பல்களில் வந்த கண்ணாடிக்கும் நவாப் பணம் கொடுத்தார். ஒரே கைக்கு இருவழியாற் செல்வம் சென்றது.

ஆசப் உத் தௌலா தம் மகனாக வளர்த்த வசீர் அலிக்கு ஏறக்குறைய பதின்மூன்று வயதானபோது மணம் முடித்து வைத்தார். அவ்விழாவுக்கு விருந்தினராகச் சென்ற லூயிஸ் பேர்டினன்ட் ஸ்மித் என்பவர் 1795இல் எழுதிய ஒரு கடிதத்தில், தாம் கண்டதை விரிவாக வருணித்திருக்கின்றார். அதனைப் படிக்கும்போது நமக்கு முதலில் வியப்புண்டாகின்றது. பின்பு சற்றே தலை சுற்றுகின்றது.

நகருக்கு வெளியே, திறந்த வெளியில், இரு பெருங் கூடாரங்கள் எழுப்பப்பட்டன. ஒவ்வொன்றும் 120 அடி நீளம், 60 அடி அகலம். கம்பங்களின் உயரம் 60 அடி. வெளிப்புறம் உறுதியான பருத்தித் துணி. உட்புறம் பல நிறப் பட்டைகளாக வெட்டித் தைத்த ஆங்கிலக் கம்பளித் துணி. கட்டிய கயிறுகளிலும் பட்டு. இவ்விரண்டுக்கும் மட்டும் 5 இலட்சம் ரூபா செலவு. கூடாரத்தின் முன்னே, வெள்ளித் தகடு போர்த்த அறுபது கால்களின்மேல், ஷாமியானா என்னும் துணிப்பந்தல் நின்றது. அதன் நான்கு பக்கமும் வெளி. காற்றைத் தடுப்பதற்கு எதுவுமில்லை. அப்பந்தலிலேதான் ஐரோப்பாவிலிருந்து வந்த 200 ஜிரண்டோல்கள் ஏற்றப்பட்டிருந்தன. ஜிரண்டோல் என்பது பல கிளைகளும் கண்ணாடித் தொங்கல்களும் கொண்ட மெழுகுவர்த்தி விளக்கு, சரவிளக்கின் உடன்பிறப்பு. அவற்றோடு, கண்ணாடிக் கூடுகளுக்குள் எரிந்த மெழுகுவர்த்திகள் இன்னுமொரு 200. அவையும் போதாவென்று பல நூறு தீவட்டிகள். அந்த ஒளி கண்ணைக் கூசச் செய்து, பார்ப்பதற்கே தொல்லையாக இருந்தது என்று ஸ்மித் குறை கூறுகின்றார். விருந்துக்கு அழைக்கப்பட்டவரே அவ்வாறு கூறுவதென்றால், ஒளி அளவு கடந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இரவில் மாப்பிள்ளை ஊர்வலம் புறப்பட்டது. ஏறத்தாழ 1,200 யானைகள் அணிவகுத்து நின்றன என்கிறது கடிதம். சிறுவன் வசீர் அலியின் உடலில் நகைகளின் பாரம் தாங்காமல் நடை தள்ளாடியது. ஒரு மைல் தொலைவிலுள்ள தோட்டத்துக்குச் செல்லும் வழியெங்கும் மூங்கிற் சாரங் கட்டி விளக்கேற்றியிருந்தார்கள். நிலத்திற் புதைத்த வாணங்கள் யானைகள் நெருங்கும்போது வெடித்து மேலெழுந்தன. கூலிக்கு அமர்த்தப்பட்ட 3,000 பேர் தீவட்டி பிடித்து உடன் நடந்தனர். தோட்டத்திலே மரக்கிளை தோறும் பல நிறக் காகிதக் கூண்டு விளக்குகள் ஆடின. அதன் நடுவிலிருந்த மாளிகைக் கூடத்தில், இங்கிலாந்திற் செய்த தொங்கு சரவிளக்குகள் மெழுகுவர்த்தி ஏற்றப்பட்டு நின்றன. இவ்விழா மூன்று இரவுகள் தொடர்ந்து நடைபெற்றது.

வெட்டவெளியில் மெழுகுவர்த்திச் சரவிளக்கை எரியவிடுதல் எளிய காரியமன்று. கொழுப்பு மெழுகு வட இந்திய வெப்பத்தில் இளகி வளைந்துவிடும். தேன்மெழுகு உருகுவதற்கு ஏறக்குறைய 63 பாகை சென்ரிகிறேட் வெப்பம் வேண்டுமாதலால் அது நிமிர்ந்து நிற்கும். விலையோ மிக அதிகம். காற்றடித்தால் சுடர் ஒருபுறம் சாய, மெழுகு ஒழுகி, கீழே அமர்ந்திருப்போரின் பட்டாடையில் வீழும். இதற்காகவே இந்தியாவுக்கு அனுப்பிய விளக்குகளின் ஒவ்வொரு கிளையிலும், துலிப் மலர்போல மேல்விரிந்த கண்ணாடிக் கூடு ஒன்றைப் பொருத்தினர். பங்காவின் காற்றுக்கும் அதுவே காப்பு. பந்தல் துணி, கீழே தீ; ஆதலால் திரி கத்தரிப்பதற்கும் அணைந்ததை ஏற்றுவதற்கும் ஆட்கள் இரவு முழுவதும் விழித்திருக்கவேண்டும். இந்துஸ்தானி மொழியில் சரவிளக்கை 'ஜாட்' என்பர். செடி, புதர் என்பதே அச்சொல்லின் முதற்பொருள். கிளைவிட்டுப் பூத்த செடியாக அம்மக்கள் அதனைக் கண்டனர் போலும். ஐரோப்பியர் மண்டபத்துக்கென்று செய்த பொருளை அவர்கள் தோட்டத்துக்கு இழுத்து வந்ததில் வியப்பென்ன?

முகலாயர் காலத்திலேயே மணவிழா ஒளிமயமாகத்தான் இருந்தது. 1633இல் ஷாஜகானின் மகன் தாராஷிக்கோவின் திருமணத்துக்கு 32 இலட்சம் ரூபா செலவாயிற்று. அங்கும் இரவைப் பகலாக்கினார்கள். ஆயினும் அவ்வொளி எண்ணெய் விளக்கும் வாணமும் தீவட்டியும் தந்த ஒளி. எண்ணெய் நாட்டிலே ஆட்டியது; அகல் நாட்டுக் குயவர் வனைந்தது; செலவழிந்த பணம் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே சுழன்றது. லக்னௌவில் தீவட்டியும் அகலும் நீங்கவில்லை. வழியை விளக்கியவை அவையே. கண்ணாடி விளக்கின் வேலை வேறு. கம்பெனியின் பிரதிநிதிகளும் படை அதிகாரிகளும் அமர்ந்திருந்த பந்தலில், எங்கள் செல்வம் இன்னும் வற்றவில்லை என்று அவர்களுக்கு உணர்த்துவதே அதன் வேலை. அவர்களோ அதனை நன்றாகவே உணர்ந்துகொண்டார்கள். வற்றாத செல்வமாயின் இன்னும் கேட்கலாம் அல்லவா?

அத்திருமணத்துக்கு ஏறத்தாழ 30 இலட்சம் ரூபா செலவாயிற்று. 1797 செப்டெம்பரில் ஆசப் உத் தௌலா காலமானார். வசீர் அலி நவாபானார். நான்கு மாதங்கள் செல்வதற்குள், 1798 ஜனவரியில், கவர்னர் ஜெனரல் சேர் ஜோன் ஷோர் லக்னௌவுக்கு வந்து அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார். காட்டிய காரணம் பிறப்பு. தஹ்சீன் அலிகான் என்னும் அரண்மனை அலுவலர் அளித்த வாக்குமூலத்தை ஜேம்ஸ் மில் தம் இந்திய வரலாற்று நூலில் எடுத்துரைக்கின்றார். அதன்படி வசீர் அலியின் தாய் ஒரு பராஷின் மனைவி. குழந்தையை நவாப் 500 ரூபா கொடுத்து வாங்கினாராம். பராஷ் என்பவன் யார்? பெரிய வீடுகளில் விரிப்பு விரிப்பவன், கூடாரம் அடிப்பவன், விளக்கும் உலோகப் பாத்திரமும் துலக்குபவன். வெள்ளிக் கால்கள் நாட்டிய பந்தலின்கீழ் நகை தாங்காமல் தள்ளாடிய சிறுவன், அப்பந்தலைக் கட்டி விளக்கைத் துடைக்கும் குலத்தில் வந்தவன் என்பதே அவன்மேற் சாட்டிய குற்றம்.

இவ்வாக்குமூலம் மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும் அதனை ஏற்றுக்கொள்வதிற் கம்பெனிக்கு இலாபம் இருந்ததை மறத்தலாகாது. வசீர் அலிக்குப் பதிலாக ஆட்சியில் அமர்த்தப்பட்ட சாதத் அலிகான், ஆண்டுக்கு 76 இலட்சம் ரூபா கட்டுவதாக அவ்வாண்டே உடன்படிக்கை செய்துகொண்டார். அலகாபாத் கோட்டையையும் கொடுத்தார். 1801இல் நாட்டின் ஏறக்குறையப் பாதியே கம்பெனியின் கைக்குச் சென்றது. மகனாக ஏற்றுக்கொண்ட பிள்ளைக்கு உரிமை உண்டென்று முதலில் ஒப்புக்கொண்டவர்களே, சில வாரங்களில் அவ்வுரிமையை மறுத்தார்கள்.

காசியில் குடியிருக்குமாறு அனுப்பப்பட்ட வசீர் அலி, தம்மைக் கல்கத்தாவுக்கு மாற்றப் போகின்றார்கள் என்று அறிந்து சினங்கொண்டார். 1799 ஜனவரி 14ஆம் நாள், கம்பெனிப் பிரதிநிதி செரியை அவருடைய இல்லத்திலேயே வெட்டிக் கொன்று, காட்டுவழியே தப்பியோடினார். அடைக்கலம் புகுந்த ஜெய்ப்பூர் அரசரே அவரைப் பிடித்து ஒப்படைத்தார். கல்கத்தாவின் வில்லியம் கோட்டையில் இரும்புக் கம்பி அடைப்புக்குள் வைக்கப்பட்டார். கைதியாகவே 1817இல் இறந்தார். தாமஸ் வில்லியம் பீல் தொகுத்த கீழைநாட்டு வாழ்க்கை வரலாற்று அகராதி, அவருடைய மணச்செலவு 30 இலட்சம் ரூபா என்றும், ஈமச்செலவு 70 ரூபா என்றும் இரண்டையும் அடுத்தடுத்துக் குறித்திருக்கின்றது.

சரவிளக்கின் செல்வாக்கு அவரோடு மறையவில்லை. பேர்மிங்ஹாம் நகரத்து ஒஸ்லர் நிறுவனத்தார் 1840களில் கல்கத்தாவில் விற்பனைக்கூடம் திறந்து, இந்திய அரசர்களையே பெரும் வாடிக்கையாளர்களாகக் கொண்டனர். 1874இற் கட்டி முடிந்த குவாலியர் ஜய்விலாஸ் மாளிகையில் மூன்றரைத் தொன் எடையுள்ள சரவிளக்குகள் இரண்டு தொங்குகின்றன. கூரை தாங்குமோ என்று அறிய யானைகளை மேலே ஏற்றிச் சோதித்தார்கள் என்பது செவிவழிச் செய்தி. உதயப்பூர் மகாராணா சஜ்ஜன் சிங் 1877இல் பளிங்குத் தளபாடங்களை அந்நிறுவனத்தாரிடம் கேட்டனுப்பினார். அவை தம் மாளிகையில் விளங்குவதைக் காணாமலே 1884இல் உயிர் நீத்தார். பெட்டிகள் நூறாண்டுக்கு மேலாகத் திறக்கப்படாமற் கிடந்தன. லக்னௌவின் கதியோ இதனினும் துயரமானது. 1858 மார்ச்சில் ஆங்கிலப் படை கைசர்பாக் அரண்மனைக்குட் புகுந்தது. போர்வீரர்கள் நிலைக்கண்ணாடிகளையும் பூச்சாடிகளையும் வெளியே கொண்டுவந்து தரையில் மோதி உடைத்துவிட்டு, மேலும் விலையுயர்ந்தவற்றைத் தேடி உள்ளே ஓடினார்கள். அதனை நேரிற் பார்த்து எழுதியவர் ஓர் ஆங்கிலப் பத்திரிகையாளரே. வில்லியம் ஹவாட் ரசல் என்பது அவர் பெயர்.

மின்சாரம் வந்தபின் மெழுகும் காற்றும் பற்றிய கவலை நீங்கியது. அரசர் வீட்டுப் பொருள் வாடகைக்குக் கிடைக்கும் பொருளாயிற்று. ஆக்ராவுக்கு அண்மையிலுள்ள பிரோசாபாத் கண்ணாடி உலைகளில் வளையலுடன் சரவிளக்குகளும் செய்யப்படுகின்றன. நடுத்தரக் குடும்பத்தாரும் மகளின் திருமணத்துக்கு ஷாமியானா அடித்து, அதன் நடுவே ஒரு ஜாட் தொங்கவிட முடிகின்றது. அந்த அளவில் இம்மாற்றம் மகிழத்தக்கதே.

வட இந்திய நகரங்களில் மாப்பிள்ளை ஊர்வலம் இன்னும் இரவிலேதான் செல்கின்றது. குதிரைமீது மணமகன், முன்னே வாத்தியகாரர், இருமருங்கிலும், சரவிளக்கைப் போலவே கிளையும் தொங்கலும் வைத்துச் செய்த மின்விளக்குகளைத் தலையிலோ தோளிலோ சுமந்து செல்லும் கூலியாட்கள். ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. விளக்குகள் எல்லாவற்றையும் ஒரே மின்கம்பி இணைக்கின்றது. அதன் முனையில், வண்டியொன்றில் வைத்த மின்பிறப்பாக்கி பின்னால் இரைந்துகொண்டு வருகின்றது. ஒருவர் நின்றால் அடுத்தவரும் நிற்கவேண்டும். வரிசை தவறினால் கம்பி இழுபடும். ஆடுவோர் ஆடி முடியும்வரை அவர்கள் பாரத்துடன் காத்து நிற்கின்றார்கள். மணமண்டபத்தின் வாயிலை ஊர்வலம் அடைந்ததும் மணமகன் உள்ளே செல்கின்றான். அவர்கள் விளக்குகளை இறக்கி, கம்பியைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு, அடுத்த தெருவில் காத்திருக்கும் ஊர்வலத்துக்குப் புறப்படுகின்றார்கள்.