கூலி: காசோட பேர் ஆளோட பேரா ஆன கதை

ஜெர்மனியில ரயில்வே ஸ்டேஷன்ல பெட்டியை வெச்சுத் தள்ளிட்டுப் போற வண்டிக்கு என்ன பேர் தெரியுமா? 'கோஃபர்கூலி'. கோஃபர்னா பெட்டி. கூலின்னா நமக்குத் தெரிஞ்ச அதே கூலிதான்.

கொஞ்சம் நீளமான இழை. கடைசி வரைக்கும் படிங்க. உங்க நுரையீரலுக்கும் இதுல சம்பந்தம் இருக்கு.

தமிழ்ல கூலின்னா முதல் அர்த்தம் காசு. செஞ்ச வேலைக்குக் கைமேல வாங்குறது. திருக்குறள் 619லயே இந்தச் சொல் இருக்கு: உடம்பு வருந்தி உழைச்சதுக்கு உரிய பலன்ங்கிற பொருள்ல. ரொம்ப கௌரவமான இடம். ஆளைச் சொல்லணும்னா கூலியாள், கூலிக்காரர்னு தனியா சொல்லுவோம்.

16ஆம் நூற்றாண்டுல போர்த்துகீசியர் இந்தச் சொல்லைப் பிடிச்சாங்க. மூலம் தமிழா, குஜராத் பக்கத்து 'கோலி' மக்களோட பேரா என்பதில் வாதம் உண்டு. 1886ல வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி கோலி பக்கம்தான் சாயுது. ஆனா தமிழ்க் கூலியோட பங்கும் இருக்கலாம்னு சொல்லுது. எப்படியோ, ஐரோப்பியர் வாயில அது காசைக் குறிக்கலை. ஆளைக் குறிச்சது.

1834ல பிரிட்டிஷ் காலனிகள்ல அடிமை முறை ஒழிப்புச் சட்டம் அமலுக்கு வந்துச்சு. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணுமே? அதே வருஷம் மொரீஷியஸுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் கப்பல்கள் போக ஆரம்பிச்சது. 1853ல பிரெஞ்சுக்காரர் ஆட்சியில இருந்த மார்த்தினிக் தீவுக்கு. 1860ல மெட்ராஸ்லேர்ந்து 'ட்ரூரோ' கப்பல்ல 342 பேர் டர்பனுக்கு. போன எல்லாருக்கும் ஒரே பேர்தான்: கூலி.

ஒவ்வொரு மொழியிலும் அது என்ன ஆச்சுன்னு பாருங்க.

ஆங்கிலம்: தென்னாப்பிரிக்காவுல இந்தியர்னாலே கூலி. சட்டம் படிச்ச காந்தியையே 'கூலி பாரிஸ்டர்'னுதான் கூப்பிட்டாங்க. வேலையே மாறினாலும் பேர் மாறலை.

டச்சு: 'கூலி'. சுமத்ரா தோட்டங்களுக்காக 1880ல கூலி ஆணைன்னே ஒரு சட்டம். வேலையை விட்டு ஓடினா ஜெயில்.

ஸ்பானிஷ்: கியூபாவுக்கு 1847லேர்ந்து கொண்டுபோன சீனர்களுக்கு இதே பேர். சீனர்கள் இதை எழுதுற எழுத்துகளுக்கு 'கசப்பான உழைப்பு'ன்னு அர்த்தம் வரும்.

ஜெர்மன்: மனுஷன் பொருளாவே ஆயிட்டான். 1928ல ஹாம்பர்க்ல ஒரு பேனா வந்துச்சு, பேர் 'டின்டன்கூலி', அதாவது மைக்கூலி. இன்னைக்கு அங்க பால்பாயிண்ட் பேனாவுக்குப் பேச்சு வழக்குல 'கூலி'தான். அதோட முழுப்பேரான 'கூகல்ஷ்ரைபர்'ங்கிறதன் சுருக்கம் அது. ஆனா காதுல விழறது ஒரே சத்தம்.

பிரெஞ்சு: திட்டுற சொல்லா இருந்ததை மொரீஷியஸ் கவிஞர் கால் டோராபுலி 1992ல 'கூலித்யூட்'னு திருப்பி எழுதினார். எங்க முன்னோர் பட்ட பாடு, அதுவே எங்க பெருமைன்னு.

சரி, டாக்டர் எதுக்கு இதைச் சொல்றான்?

அரசு பதிவேடு, கேஸ் ஷீட், ரெண்டுலயும் தொழில்ங்கிற கட்டத்துல இன்னைக்கும் நாம எழுதுறது அதே ஒரு சொல்தான்: கூலி.

1700ல பெர்னார்தினோ ராமஸ்ஸினின்னு ஒரு இத்தாலிய டாக்டர் தொழில் நோய்கள் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளிகிட்ட கேக்குற கேள்விகளோட இன்னொண்ணும் சேருங்கன்னார்: நீ என்ன வேலை செய்யற?

எங்க ஆலத்தியூர் பக்கம் அந்தக் கேள்விக்கு 'கூலி வேலை'ங்கிறது பதிலே இல்ல. சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலை, பருத்தி, முந்திரி எல்லாம் இருக்கிற மாவட்டம் இது. ஜல்லி கிரஷர்ல, போர்வெல் வண்டியில நிக்கிறவர் சுவாசிக்கிறது பாறைத்தூள். அதுல இருக்கிற சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கும். கலவை சுமக்குற சித்தாளுக்குக் கை வெடிக்கிறது சிமெண்ட்ல இருக்கிற குரோமியத்தால இருக்கலாம். முந்திரி உடைக்கிற அக்கா கையைப் பொசுக்குறது ஓட்டு எண்ணெய். பருத்திக்கு மருந்து அடிச்சவருக்கு வாந்தி, வேர்வை, கண்மணி சுருங்கினா அது விஷம். ஒரு மணி நேரம்கூட தாமதிக்கக் கூடாது. நாலு பேரும் கேஸ் ஷீட்ல 'கூலி'.

சிலிகோசிஸ் எக்ஸ்ரேல பார்க்க டிபி மாதிரியே இருக்கலாம். சிலிகோசிஸ் இருக்கிறவருக்கு டிபி வர்ற வாய்ப்பும் அதிகம். சட்டப்படி இது கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். தெரிவிச்சா நஷ்டஈடு கேக்கவும் உதவும். தொழில் கட்டத்துல 'கூலி'ன்னு மட்டும் இருந்தா எதை வெச்சுத் தெரிவிக்கிறது?

அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை டாக்டர்கிட்ட போனா, அவர் கேக்கலைன்னாலும் மூணு விஷயம் சொல்லுங்க: என்ன வேலை, என்ன தூசி அல்லது மருந்து, எத்தனை வருஷம். உங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போனா அவருக்காக நீங்க சொல்லுங்க. சக டாக்டர்களே, நீங்க அதை அப்படியே எழுதுங்க.

கூலி அவங்க வாங்குற காசு. அவங்க பேர் இல்ல.